ரெட்ரோவா, ப்ராஸ்பெக்டிவா, ஆடிட்டா? எச்.சி.சி. கோடர்களுக்கு ஓர் ஒப்பீடு

ரிஸ்க் கோடர்களுக்கான சி.ஆர்.சி. சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்களும், எச்.சி.சி. வேலையில், அதாவது அமெரிக்க நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை (சார்ட்) படித்து நோய்களுக்குக் குறியீடு இடும் வேலையில், இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டியவர்களும் சுற்றிச்சுற்றிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மருத்துவரைப் பார்த்த பின் சார்ட்டைப் படிக்கும் ரெட்ரோ டீம், பார்ப்பதற்கு முன் படிக்கும் ப்ராஸ்பெக்டிவ் டீம், பணம் வாங்கிய பின் சோதிக்கும் ஆர்.ஏ.டி.வி. ஆடிட் டீம் என மூன்றுக்கும் ஆள் எடுக்கிறார்கள், எதில் சேர்வது? பெரும்பாலோர் சம்பளக் கடிதத்தில் இருக்கும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த வித்தியாசம் ஓராண்டில் கரைந்துவிடும். தேர்ந்தெடுத்த டீம் கற்றுக்கொடுத்த பழக்கம் கரையாது.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து நாம் படிக்கும் ஒவ்வொரு சார்ட்டும், அமெரிக்க அரசு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. கூட்டுவதற்கு மட்டும் படிக்கிறோமா, குறைக்கவும் படிக்கிறோமா என்பதில்தான் இந்த மூன்று டீம்களும் பிரிகின்றன. அது விளங்க, பணம் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். வேலையில் இருப்பவர்களில்கூடப் பலருக்கு இது அரைகுறையாகவே சொல்லித்தரப்படுகிறது.

பணம் நகரும் வழி

65 வயதைக் கடந்த அமெரிக்கர்களுக்கும், அதற்குக் கீழே உள்ள சில மாற்றுத்திறனாளிகளுக்கும் மெடிகேர் உண்டு. பழைய மெடிகேரில் அரசு ஒவ்வொரு சிகிச்சைக்கும் நேரடியாகப் பணம் கொடுக்கிறது. மெடிகேர் அட்வான்டேஜில் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறது. எல்லாத் தலைக்கும் ஒரே தொகை என்றால் நிறுவனங்கள் ஆரோக்கியமானவர்களை மட்டுமே தேடிப்பிடிக்கும். நோயாளியைக் கண்டால் ஒதுங்கும். அதைத் தடுக்க, நோய்க்கு ஏற்பத் தொகை மாற வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. 2000-இல் வந்த முதல் முறை மருத்துவமனையில் படுத்தவர்களின் நோய்களை மட்டும் கணக்கில் எடுத்தது. வெளிநோயாளிகளின் நோய்களையும் சேர்த்து, நோய்களைத் தொகுதிகளாகப் பிரித்து மதிப்பிடும், இன்று நமக்குச் சோறு போடும் எச்.சி.சி. முறை 2004-இல் வந்தது.

ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு ரிஸ்க் ஸ்கோர். சராசரி நபருக்கு 1.0. வயதுக்கும் பாலினத்துக்கும் ஒரு மதிப்பு. வறியோருக்கான மெடிகெய்டும் சேர்ந்து இருக்கிறதா, வீட்டில் வசிக்கிறாரா, காப்பகத்தில் வசிக்கிறாரா என்பதைப் பொறுத்து மாற்றம். அதற்கு மேல் ஒவ்வொரு நோய்த்தொகுதிக்கும் ஒரு மதிப்பு. இந்த ஆண்டு மருத்துவர் எழுதிய நோய்கள் அடுத்த ஆண்டின் தொகையைத் தீர்மானிக்கும். ஜனவரி 1 பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. மருத்துவர் இந்த ஆண்டும் எழுதாவிட்டால், வெட்டிய கால் மறுபடி முளைத்துவிட்டதாகவே கணக்கு.

ஒரு மாதிரி சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 72 வயதுப் பெண், வீட்டில் வசிப்பவர், மெடிகெய்ட் இல்லை. இரண்டாம் வகை நீரிழிவு, நான்காம் நிலை சிறுநீரக நோய் இரண்டையும் மருத்துவர் தெளிவாக எழுதி, மருந்தும் மாற்றியிருக்கிறார். பழைய நோய்கள் பகுதியில் "இதயச் செயலிழப்பு இருந்தது" என்று ஒரு வரி. மருந்துப் பட்டியலில், உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைட்.

வி28 என்ற இப்போதைய மதிப்புப் பட்டியலில் வயதுக்கும் பாலினத்துக்குமாக ஏறக்குறைய 0.4. நீரிழிவுக்கு 0.166. நான்காம் நிலை சிறுநீரக நோய்க்கு 0.514. மொத்தம் 1.08. இதயச் செயலிழப்பும் சேர்ந்தால் அதற்கு 0.360, நீரிழிவோடும் சிறுநீரக நோயோடும் அது கூடிவருவதற்குத் தனி மதிப்புகளும் உண்டு. எல்லாம் சேர்த்து அந்த ஒரு வரி 0.6-ஐத் தாண்டும். 1.0 ஸ்கோருக்கு மாதம் 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், கழிவுகள் போவதற்கு முன் ஆண்டுக்கு 7,000 டாலருக்கு மேல். அந்த வரியை என்ன செய்வது என்பதில் மூன்று டீம்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

பழைய பட்டியலான வி24-இல் இருந்து வி28-க்கு மாறியது 2024-இல் தொடங்கி, 2026-இல் முழுமையடைந்தது. தொகுதிகளின் எண்ணிக்கை 86-இல் இருந்து 115 ஆனது; ஆனால் பணம் தரும் ஐ.சி.டி. நோய்க் குறியீடுகள் 9,797-இல் இருந்து 7,770 ஆகக் குறைந்தன. பழைய பட்டியலில் சிக்கலுள்ள நீரிழிவுக்கு 0.302, சிக்கலற்றதற்கு 0.105, இப்போது இரண்டுக்கும் அதே 0.166. சிக்கலைத் தேடித்தேடி எடுத்த ஒரு தலைமுறை கோடர்களின் உழைப்புக்கு ஒரே அறிவிப்பில் மதிப்பு போய்விட்டது. குறியீட்டைச் சரியாக எழுதும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்னது: ஆதாரமில்லாத குறியீட்டை நீக்கும் வேலையும் உங்களுக்கு உண்டா, சேர்ப்பது மட்டும்தானா? இதற்கு நான் கொடுக்கும் எடை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். காரணம் போகப்போகத் தெரியும்.

அடுத்து, ஆண்டு முழுவதும் வேலை இருக்குமா என்பது. பிறகு டார்கெட்டும் ஷிஃப்டும். கடைசியாக, நாளைக்கு விதி மாறினாலோ மென்பொருள் வேலையைப் பிடுங்கிக்கொண்டாலோ உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பது. சம்பளத்தை வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; இந்த நான்கும் வேலையின் தன்மையிலேயே இருப்பவை.

ரெட்ரோ

மருத்துவரைப் பார்த்து முடிந்த, பணம் கேட்டு முடிந்த சார்ட்டுகளை மறுபடி படித்து, விடுபட்ட நோய்களை எடுப்பது ரெட்ரோ. தமிழ்நாட்டில் எச்.சி.சி. கோடர் என்றால் பெரும்பாலும் இதுதான்.

நல்ல ரெட்ரோ கோடர் சார்ட்டைத் திறந்ததும் நோயைத் தேட மாட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் அதே பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றனவா, சேவைத் தேதி எது, நேருக்கு நேர் பார்த்ததா, எழுதியவர் ஏற்கத்தக்க தகுதியுள்ளவரா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். குரல் அழைப்பில் மட்டும் பேசிய சந்திப்பு செல்லாது. தனியாக வந்த ஸ்கேன் அறிக்கையோ ரத்தப் பரிசோதனையோ செல்லாது. அதற்குப் பிறகுதான் மதிப்பீடு பகுதி. அங்கே நோய் கண்காணிக்கப்பட்டதா, பரிசோதிக்கப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா, சிகிச்சை தரப்பட்டதா என்று பார்ப்பதைத்தான், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 'மீட்' என்கிறோம். 'மீட்' என்பது மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சி.எம்.எஸ். எழுதிவைத்த விதி அல்ல; தொழில் தனக்கென்று வைத்துக்கொண்ட பழக்கம். அதனால்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் கண்டிப்பு மாறுகிறது. ஓரிடத்தில் தரம் பார்க்கும் க்யூ.ஏ. தவறு என்று அடித்தது, அடுத்த இடத்தில் சரியாகிவிடுகிறது.

மாதிரி சார்ட்டுக்கு வருவோம். இதயச் செயலிழப்பு "இருந்தது" என்றுதான் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஃப்யூரோசமைட் இருப்பதை வைத்து நாமாக நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாத்திரை சிறுநீரக நோய்க்காகவும் கொடுக்கப்பட்டிருக்கலாம். ரெட்ரோ கோடர் அந்த வரியைத் தாண்டிப் போக வேண்டும். அதே நேரம் நீரிழிவையும் சிறுநீரக நோயையும் மருத்துவர் இணைத்து எழுதாவிட்டாலும், வேறு காரணம் சொல்லப்படாதவரை இணைத்தே குறியீடு இட ஐ.சி.டி. வழிகாட்டி அனுமதிக்கிறது. எங்கே ஊகிக்கலாம், எங்கே கூடாது என்பதை நூறு மருத்துவர்களின் எழுத்தில் பார்த்துப் பழக ரெட்ரோவைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

மறைந்திருக்கும் விலைக்கு வருகிறேன். வேலை சீசனைப் பொறுத்தது. 2025-இல் நடந்த சந்திப்புகளுக்கு 2026-இல் பணம். அந்தத் தரவைச் சேர்க்க இறுதிக் கெடு 2027 ஜனவரி முடிவு வாக்கில். கெடு நெருங்கும்போது சனி, ஞாயிறு கிடையாது, முடிந்ததும் வேலையின்றிப் பெஞ்சு. பல இடங்களில் டார்கெட் சார்ட் எண்ணிக்கையில் இருக்கிறது, பக்க எண்ணிக்கையில் இல்லை. நான்கு பக்கச் சார்ட்டும் ஒன்று, நானூறு பக்கச் சார்ட்டும் ஒன்று.

இதைவிடப் பெரிய விலை, ஒருவழிப் பாதை. விடுபட்டதைச் சேர், ஏற்கெனவே அனுப்பிய குறியீட்டுக்கு இந்தச் சார்ட்டில் ஆதாரம் இல்லையென்றால் கண்டுகொள்ளாதே. இப்படி நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டும் சேர்ந்த வழக்கில்தான் 2023-இல் சிக்னா 172 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து அமெரிக்க நீதித்துறையோடு சமரசம் செய்துகொண்டது. கூடுதலாக வாங்கிய பணம் என்று தெரிந்தபின் அதைத் திருப்பித்தர 60 நாள் விதி இருக்கிறது. நீங்கள் சார்ட்டில் பார்த்து, சொல்லாமல் விட்டது இந்த விதிக்குள் வரும். சட்டப் பொறுப்பு நிறுவனத்துடையது என்றாலும், சேர்க்க மட்டுமே பழகிய கண்ணை மாற்றுவது கடினம். ஐந்து ஆண்டுகள் ஒருவழி ரெட்ரோவில் இருந்தவரை ஆடிட் நேர்காணலில் இரண்டே கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம்.

சார்ட்டைப் படித்துக் குறியீடுகளை முன்மொழியும் மென்பொருள்களும் முதலில் வந்து உட்கார்ந்திருப்பது இந்த வேலையில்தான். கோடர் சரி, தவறு என்று சொடுக்குகிறார். அதைக் காரணம் காட்டி டார்கெட் ஏறுகிறது.

புதியவர்களுக்கும், முதல் இரண்டாண்டுகளை எழுத்துப் பழகச் செலவிடத் தயாராக இருப்பவர்களுக்கும் ரெட்ரோ சரி. நீக்கலையும் உற்பத்திக் கணக்கில் சேர்க்கும் ரெட்ரோ டீம் கிடைத்தால் இன்னும் சரி.

ப்ராஸ்பெக்டிவ்

நோயாளி மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் பழைய பதிவுகளைத் தொகுத்து, "இதைக் கவனியுங்கள்" என்று குறிப்பு அனுப்புவது. இங்கே குறியீட்டு அறிவைவிட மருத்துவ அறிவு முக்கியம். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். மூன்று மாதத்துக்கு மேல் 30-க்குக் கீழேயே இருக்கிறது, ஆனால் சிறுநீரக நோயின் நிலை எங்கும் எழுதப்படவில்லை. இதய ஸ்கேனான எக்கோவில் இதயத்தின் வெளியேற்றம் குறைவு, நோயின் பெயர் இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளைப் பிடிப்பதுதான் வேலை.

மாதிரி சார்ட்டின் இதயச் செயலிழப்பு வரிக்கு நியாயமான இடம் இதுதான். "இவருக்கு இதயச் செயலிழப்பு இருந்ததாகக் குறிப்பு உள்ளது, ஃப்யூரோசமைட் தொடர்கிறது. இதன் தற்போதைய நிலை என்ன?" என்று கேட்கலாம். "நாள்பட்ட இதயச் செயலிழப்பு என்று உறுதிசெய்யவும்" என்று கேட்கக்கூடாது. முதலாவது கேள்வி; இரண்டாவது பதிலைத் திணிப்பது. இந்த வேறுபாட்டைக் கற்றவருக்கு மருத்துவமனைகளின் ஆவண மேம்பாட்டு வேலைகளும் திறக்கும்.

மறைந்திருக்கும் விலை: அடுத்த நாள் சந்திப்புக்கு இன்றே குறிப்பு போக வேண்டும் என்பதால் நேர நெருக்கடி அதிகம், பல டீம்களில் இரவு ஷிஃப்ட். சார்ட்டில் கடைசி வார்த்தை உங்களுடையது அல்ல. மருத்துவர் பார்க்காமலே மூடிவிடலாம். உங்கள் குறிப்புகளில் எத்தனையை மருத்துவர் ஏற்றார் என்ற விகிதத்தை வைத்து மதிப்பெண் போடும் இடங்கள் இருக்கின்றன. அந்த விகிதத்தைத் துரத்தினால், கேள்வி மெல்ல மெல்லத் திணிப்பாக மாறிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ப்ராஸ்பெக்டிவ் என்ற பெயரில், நிறுவனம் வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுக்கும் உடல்நல மதிப்பீட்டுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலையும் வரும். அந்த மதிப்பீடுகளிலும் அவற்றோடு சேர்ந்த சார்ட் மறுபார்வைகளிலும் மட்டுமே காணப்பட்டு, ஆண்டின் வேறெந்தச் சிகிச்சையிலும் தென்படாத நோய்களுக்காக 2023-இல் ஏறக்குறைய 7.5 பில்லியன் டாலர் போயிருப்பதாக அமெரிக்கச் சுகாதாரத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2024 அக்டோபரில் மதிப்பிட்டது. நோய் இருக்கிறது, சிகிச்சை இல்லை என்றால் யாராக இருந்தாலும் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். விதி எப்போது வேண்டுமானாலும் இறுகக்கூடிய இடம் இது.

நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம், மருத்துவருக்கு அனுப்பும் பட்டியலாக இருந்தால். மற்ற பட்டதாரிகள் இரண்டாண்டு சார்ட் அனுபவத்துக்குப் பிறகு வருவது நல்லது.

ஆர்.ஏ.டி.வி. ஆடிட்

ஏற்கெனவே பணம் வாங்கிய எச்.சி.சி.க்கு மருத்துவப் பதிவில் ஆதாரம் இருக்கிறதா என்று சோதிப்பது ஆர்.ஏ.டி.வி. சி.எம்.எஸ். நடத்தும் தணிக்கைக்குப் பதில் தயாரிப்பதும், அது வருவதற்கு முன் நிறுவனமே தன்னைச் சோதித்துக்கொள்வதும் இந்த டீமில் வரும். மாதிரி சார்ட்டின் பெண்ணுக்கு அந்த ஆண்டு இதயச் செயலிழப்புக் குறியீடு அனுப்பப்பட்டிருந்து, ஆண்டின் எந்தப் பதிவிலும் அதற்கு ஆதாரம் இல்லையென்றால், நீக்கு என்று எழுதவேண்டியவர் நீங்கள்.

இந்தத் துறைக்கு இப்போது காற்று வீசுகிறது. பழைய மெடிகேரில் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட மெடிகேர் அட்வான்டேஜுக்கு 2025-இல் 20 சதவீதம், அதாவது 84 பில்லியன் டாலர், அதிகம் போகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் ஆணையம் மதிப்பிட்டது. குறியீடுகள் கூடுதலாக ஏறுவது அதன் காரணங்களில் ஒன்று. 2025 மே மாதம், தகுதியுள்ள எல்லா மெடிகேர் அட்வான்டேஜ் ஒப்பந்தங்களையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்போவதாகவும், தன் கோடர்களை 40-இல் இருந்து ஏறக்குறைய 2,000 ஆக உயர்த்துவதாகவும், ஒரு திட்டத்துக்கு 35 பதிவுகள் பார்த்த இடத்தில் அதன் அளவைப் பொறுத்து 35 முதல் 200 வரை பார்க்கப்போவதாகவும் சி.எம்.எஸ். அறிவித்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. மாதிரியில் கண்ட பிழை விகிதத்தை ஒப்பந்தம் முழுவதற்கும் விரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற 2023-ஆம் ஆண்டின் விதியை, டெக்சஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ரத்து செய்தது. தணிக்கைக்கு அதனால் தடையில்லை. வலி எவ்வளவு என்பதில்தான் சண்டை.

இங்கே கற்பது பழசாகாது. மூன்றாண்டுக்கு முன் வந்த பக்கவாதத்தை, கிளினிக் சந்திப்பில் இன்று வந்த பக்கவாதமாகக் குறியிடுவது. முன்பு வந்து குணமான மாரடைப்பு. சிகிச்சை முடிந்த புற்றுநோய். தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் அதிக ஆபத்துள்ளவை என்று சுட்டியவையும் இந்த வகைகள்தான். வி28 போய் அடுத்தது வந்தாலும் இவற்றைப் பிடிக்கும் கண்ணுக்கு வேலை இருக்கும்.

விலை? இந்தியாவில் இருக்கைகள் குறைவு. நோயாளியின் தகவல் அமெரிக்காவுக்கு வெளியே போனால் திட்டங்கள் சி.எம்.எஸ்.-க்குத் தனியாக உறுதிமொழி தரவேண்டும்; தணிக்கை சார்ந்த வேலையை உள்நாட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் உண்டு. ஒரு எச்.சி.சி.க்காக ஆண்டு முழுவதுமான பதிவுகளைப் புரட்டி, கையெழுத்துக்குக் கீழே மருத்துவரின் தகுதி எழுதப்படவில்லை என்பதற்காக ஒதுக்கி, அடுத்ததைத் தேடும் வேலை பலருக்குச் சலித்துப்போகும். நீக்கச் சொல்வதால் யாரிடமும் நல்ல பெயர் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் ஆடிட்டர் என்று போட்டுவிட்டு, உள்ளே போனால் சக கோடர்களின் ரெட்ரோ வேலையில் 95 சதவீதத் துல்லியம் வருகிறதா என்று பார்க்கும் க்யூ.ஏ. நாற்காலியைக் கொடுப்பார்கள். அதுவும் தேவையான வேலைதான், ஆனால் அது ஆர்.ஏ.டி.வி. அல்ல.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ரெட்ரோ | ப்ராஸ்பெக்டிவ் | ஆர்.ஏ.டி.வி. ஆடிட் |
|---|---|---|---|
| சார்ட்டைப் படிக்கும் நேரம் | சந்திப்புக்குப் பின் | சந்திப்புக்கு முன் | பணம் வாங்கிய பின் |
| நீக்கும் வேலை | டீமைப் பொறுத்தது | குறைவு | வேலையே அதுதான் |
| ஆண்டு முழுவதும் வேலை | சீசன் | உண்டு | பெரும்பாலும் உண்டு |
| நெருக்கடி | சார்ட் டார்கெட், கெடு | நேரம், இரவு ஷிஃப்ட் | துல்லியம், வாக்குவாதம் |
| மென்பொருளால் ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| விதி மாறினால் | மதிப்பு குறையலாம் | வீட்டு மதிப்பீடு சார்ந்தது ஆட்டம் காணும் | தேவை கூடவே வாய்ப்பு |
| யாருக்கு | புதியவர் | மருத்துவப் படிப்புள்ளவர் | இரண்டு மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் |

மூன்றுக்கும் பொதுவான விலை ஒன்று அட்டவணையில் இல்லை. எச்.சி.சி. வேலையில் நோய்க் குறியீடு மட்டுமே உண்டு, சிகிச்சைகளுக்கான சி.பி.டி. குறியீடுகளின் பக்கமே போகமாட்டீர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அறுவைச்சிகிச்சை கோடிங்குக்கோ அவசரப்பிரிவு கோடிங்குக்கோ மாற நினைத்தால் ஏறக்குறையப் புதியவராகத்தான் நிற்பீர்கள். அந்த வாசலைத் திறந்தே வைக்க விரும்புகிறவர்கள் பொதுக் கோடிங் சான்றிதழான சி.பி.சி.யை முதலில் முடித்துவிட்டு வருவது நல்லது.

நேர்காணலில் கேட்க வேண்டியவை

டீமின் பெயரை நம்பாதீர்கள். டார்கெட் சார்ட்டிலா பக்கத்திலா என்று கேளுங்கள். ஜனவரிக் கெடு முடிந்தபின் போன ஆண்டு டீமுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ப்ராஸ்பெக்டிவ் என்றால் குறிப்பு யாருக்குப் போகிறது, நோயாளியின் சொந்த மருத்துவருக்கா, வீட்டு மதிப்பீட்டுக்குப் போகிறவருக்கா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: நான் ஒரு குறியீட்டை நீக்கச் சொன்னால் அது என் உற்பத்திக் கணக்கில் வருமா, அதன் பிறகு அது எங்கே போகிறது? இதற்குத் தெளிவான பதில் உள்ள ரெட்ரோ டீமும், தடுமாறும் ஆடிட் டீமும் ஒரே நேரத்தில் அழைத்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நான் ரெட்ரோவுக்குத்தான் போகச் சொல்வேன். பதிலே வராத இடத்தில் வேறு வழியின்றிச் சேரவேண்டியிருந்தால், ஓராண்டுக்குள் அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.